லாகூர்க்காரர் ஒருவரின் தேர்தல் கணக்கை 555 புத்தகத்தில் எழுதுவது எப்படி

முதலில் ஒரு 555 புத்தகம் வாங்குங்கள். மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதுவார்களே, சட்டைப் பைக்குள் அடங்குகிற அந்தச் சின்னப் புத்தகம். கணினியில் கட்டம் போடத் தெரிந்தவர்கள் அதிலேயே போட்டுக்கொள்ளலாம். எனக்குத் தாளில் பென்சிலால் எழுதினால்தான் தப்பு கண்ணில் படும். பேனா வேண்டாம். இந்த ஒரு பக்கத்தை முடிக்க நான் நான்கு தடவை அழித்தேன்.

வேலை என்னவென்றால், பாகிஸ்தான் தேசிய சபையில் இருக்கும் ஓர் உறுப்பினரை எடுத்துக்கொண்டு, அவர் எந்தெந்த ஆண்டு எங்கே நின்றார், யாரை வென்றார், யாரிடம் தோற்றார், அந்த இடம் அவர் கையில் எப்படி முடிந்தது என்று வரிசையாக எழுதுவது. அங்கே அவரை எம்.என்.ஏ. என்பார்கள். என் தங்கை மகள் பல்கலைக்கழகத்தில் தெற்காசிய அரசியல் என்று ஒரு பாடம் எடுத்திருக்கிறாள். “ரெண்டு பக்கம்தான் பெரியம்மா, ஒரு மணி நேரத்துல முடிச்சிடலாம்” என்று மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் இருக்கும் என் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை காலையில் வந்தாள். ஞாயிறு இரவு வரை உட்கார்ந்திருந்தோம். அடுத்தவர்களாவது ஒரு மணி நேரத்தில் முடிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவள் என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். பணியில் இருந்தபோது ஐந்து பொதுத் தேர்தல்களில் வாக்குச் சாவடி வேலை பார்த்தேன். கடைசி இரண்டில் கேடிஎம். ரயிலைச் சொல்லவில்லை, கெத்துவா தெம்பாட் மெங்குண்டி, சாவடித் தலைவர். வாக்கு எண்ணி, பாரம் (படிவம்) நிரப்பி, வேட்பாளர்களின் ஏஜெண்டுகளிடம் கையெழுத்து வாங்கியவள். ஒரு தேர்தல் முடிவைப் படித்தால், இந்த எண் எந்த வகுப்பறையில் எப்படிப் பிறந்திருக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது பெரிய பெயராகப் பார்க்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த யாராவது ஒருவர் வாக்களித்த தொகுதியின் ஆளாக இருந்தால் நல்லது. எங்களுக்குக் கார்ப்பெட் பாய் இருந்தார். மோட்டார் சைக்கிள் பின்னால் கார்ப்பெட்டைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு எங்கள் குடியிருப்புத் தாமானுக்குப் பல வருடங்களாக வருகிறார். மாதத் தவணை, அதுவும் ஒரு 555 புத்தகத்தில்தான். லாகூர்க்காரர். நாங்கள் இருவரும் மலாயில் பேசிக்கொள்வோம். என்னை ‘சிகு’ என்பார், டீச்சர் என்று பொருள். 2002-இல் ஊரில் வாக்களித்துவிட்டுத்தான் இங்கே வந்தாராம். யாருக்குப் போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தொகுதியை மட்டும் சொன்னார். அவர்கள் மொழியில் தொகுதிக்கு ‘ஹல்கா’. அந்த ஹல்காவில் அன்று ஜெயித்தவர் சர்தார் அயாஸ் சாதிக். 2024 மார்ச்சில் தேசிய சபையின் சபாநாயகராக மூன்றாவது முறை நாற்காலியில் உட்கார்ந்தவர். சரி, அவரையே எடுத்துக்கொண்டோம்.

ஆனால் நேராக அவரிடம் போய்விடாதீர்கள். உள்ளூர் ஆள் ஒருவரை வைத்துக் கை பழக்கிக்கொள்ளுங்கள். நான் தங்கை மகளுக்கு முதலில், இங்கே நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கர்ப்பால் சிங்கைக் கொடுத்தேன். பினாங்கில் இருந்துகொண்டு அவரைத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஜெலுத்தோங்கில் 1978 முதல் 1999 வரை. 1999-இல் அங்கேயே தோல்வி. 2004-இல் புக்கிட் குளுகோரில் வெற்றி, பிறகு 2008, 2013. 2014 ஏப்ரலில் சாலை விபத்தில் மறைவு. மே மாதம் இடைத்தேர்தலில் மகன் ராம்கர்ப்பால். இந்த ஒரு வாழ்க்கையிலேயே இரண்டு தொகுதி, ஒரு தோல்வி, ஒரு மறைவு, ஒரு இடைத்தேர்தல் வந்துவிட்டன. ‘வென்றார், வென்றார்’ என்று மட்டும் எழுதிக்கொண்டு போனால் எதெல்லாம் விட்டுப்போகும் என்பது அவளுக்கு அரை மணி நேரத்தில் புரிந்துவிட்டது.

இப்போது கட்டம் போடுங்கள். 555 புத்தகத்தின் ஒரு பக்கம் போதாது, விரித்து இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் குறுக்கே கோடு இழுங்கள். ஆண்டு, தொகுதி எண்ணும் ஊரும், கட்சியும் சின்னமும், அவர் வாங்கிய வாக்கு, எதிராளியின் பெயரும் வாக்கும், கடைசியாக ‘முடிந்த விதம்’. இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் எல்லாரும் போட மறக்கிறார்கள். எதற்கு என்று அப்புறம் சொல்கிறேன்.

முதல் குழி தொகுதி எண். நான் விழுந்ததே இதில்தான், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். அயாஸ் சாதிக் 2002, 2008, 2013 மூன்று தேர்தலிலும் என்ஏ-122 லாகூரில் வென்றார். என்ஏ என்றால் தேசிய சபைத் தொகுதி. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு 2024 முடிவுக்குப் போனேன். என்ஏ-122 லாகூர்: வென்றவர் லத்தீப் கோசா, தோற்றவர் காஜா சாத் ரஃபீக். அயாஸ் சாதிக்கின் பெயரே அங்கே இல்லை. சரி, தொகுதியைக் கட்சிக்காரருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட்டார் போலிருக்கிறது என்று நானே ஒரு கதை கட்டி எழுதியும் வைத்தேன். தவணை வாங்க வந்த பாய் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. “சிகு, ஒதுங்கினவர் எப்படி சபாநாயகர் ஆவார்?”

எண் மாறியிருந்தது. அவ்வளவுதான். 2017 மக்கள் கணக்கெடுப்புக்குப் பிறகு எல்லைகளைத் திருத்தினார்கள். 2018-இல் அவர் நின்ற தொகுதி என்ஏ-129. 2024-க்கு முன் மறுபடி திருத்தினார்கள். அப்போது அவர் நின்றது என்ஏ-120. வேடிக்கை என்னவென்றால் இந்த மூன்று எண்களுமே வேறு வேறு ஆண்டில் வேறு வேறு ஆட்களுடையவை. பழைய என்ஏ-120 பிரதமராக இருந்த நவாஸ் ஷரீபுடைய தொகுதி. 2017 ஜூலையில் நீதிமன்றம் அவரைத் தகுதி நீக்கம் செய்த பிறகு, செப்டம்பர் இடைத்தேர்தலில் அவருடைய மனைவி குல்சூம் நவாஸ் வென்ற இடம் அது. 2024-இன் என்ஏ-129 மியான் அசாருடையது. எண்ணை மட்டும் நம்பிப் போனால் ஓர் ஆளின் வாழ்க்கையில் நான்கு பேர் வந்து புகுந்துவிடுவார்கள்.

எண் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்தால் இந்தக் குழப்பம் பாதி தீரும். நம் நாட்டில் நாடாளுமன்றத் தொகுதி வரிசை பி.001 பாடாங் பெசாரில் தொடங்கி, மேலிருந்து கீழே இறங்கி, கடல் தாண்டி பி.222 லாவாஸில் முடிகிறது. பினாங்குக்கு பி.041 முதல் பி.053 வரை. பாகிஸ்தானிலும் வடக்கிலிருந்துதான்: கைபர் பக்துன்க்வா, அப்புறம் இஸ்லாமாபாத், பஞ்சாப், சிந்து, கடைசியில் பலுசிஸ்தான். வடக்கே ஓரிடத்தில் இரண்டு தொகுதி கூடினாலோ குறைந்தாலோ கீழே இருக்கிற அத்தனை எண்ணும் நகரும். 2018-இல் பழங்குடிப் பகுதிகளைக் கைபர் பக்துன்க்வாவோடு இணைத்தார்கள். அதன் பிறகு நேரடித் தொகுதிகள் 272-லிருந்து 266 ஆயின. பஞ்சாபின் முதல் எண் 2013-இல் 50, 2018-இல் 55, 2024-இல் 49. ஆகவே எண்ணுக்குப் பக்கத்தில் ஊரையும் ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள். ‘என்ஏ-122’ என்று மட்டும் எழுதினால் அது பெயர் எழுதாத கவர் மாதிரி.

கட்சிக் கட்டத்தில் 1997-ஐ விட்டுவிடாதீர்கள். பலர் வெற்றியிலிருந்து தொடங்குவார்கள். அயாஸ் சாதிக் நின்ற முதல் தேர்தலில் தோற்றார். தேசிய சபைக்குக்கூட இல்லை, பஞ்சாப் சட்டமன்றத்துக்கு. கட்சி எது தெரியுமா? பிடிஐ, இம்ரான் கானின் கட்சி. இருவரும் லாகூர் எய்ச்சிசன் கல்லூரியில் படித்தவர்கள். 1996-இல் தொடங்கிய அந்தக் கட்சி 1997 தேர்தலில் ஓர் இடம்கூட வாங்கவில்லை. அடுத்த பொதுத் தேர்தலுக்குள் அயாஸ் சாதிக் நவாஸ் ஷரீபின் பிஎம்எல்-என் கட்சிக்குப் போய்விட்டார். 2002-இல் என்ஏ-122-இல் அவர் தோற்கடித்த ஆள் அதே இம்ரான் கான். 1997 வரி இல்லாவிட்டால் 2002 வரி வெறும் எண். இருந்தால் கதை.

கட்சி மாறுகிறவர்களை அவர்கள் ‘லோட்டா’ என்பார்கள். அடிப்பாகம் உருண்டையான செம்பு. வைத்த இடத்தில் நிற்காமல் உருளும். நம் ஊர்த் தவளைதான். கர்ப்பாலின் மாநிலத்தில் இருந்துகொண்டு தவளைக் கதைக்கு விளக்கம் தேவையில்லை. ஒரு முறை, அதுவும் தோற்ற பிறகு, மாறியவரை நான் தவளைக் கணக்கில் சேர்க்க மாட்டேன், பாய் சேர்ப்பார். அதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, கட்டத்தில் வெறுமனே கட்சிப் பெயரை மட்டும் எழுதினோம்.

சின்னத்தையும் எழுதுங்கள். பிஎம்எல்-என்னுக்குப் புலி, மக்கள் ‘ஷேர்’ என்பார்கள். பிடிஐக்கு கிரிக்கெட் மட்டை, பாகிஸ்தான் மக்கள் கட்சியான பிபிபிக்கு அம்பு. எதற்கு இதெல்லாம் என்றால், 2024 முடிவுகளில் ‘சுயேச்சை’ என்று நிறையப் பெயர்கள் வரும். 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் பிடிஐ மட்டைச் சின்னத்தை இழந்தது. அதன் ஆட்கள் ஆளுக்கொரு சின்னத்தில் சுயேச்சைகளாக நின்றார்கள். சுயேச்சை என்பதை அப்படியே மொழிபெயர்த்து ‘கட்சி சாராதவர்’ என்று என் தங்கை மகள் எழுதியிருந்தாள். அழிக்கச் சொன்னேன். அந்தத் தேர்தலில் சபைக்குள் மிகப் பெரிய கூட்டமாக வந்தவர்களே இந்தச் ‘சுயேச்சைகள்’தான்.

சில ஆண்டுகள் வெற்றாக இருக்கும். வெற்றுக் கட்டத்தைப் பார்த்ததும் தோல்வி என்று எழுதிவிடக் கூடாது. 2008-இல் இம்ரான் கானின் கட்டம் வெற்று. காரணம், அவர் கட்சி தேர்தலைப் புறக்கணித்தது. அதனால்தான் அந்த ஆண்டு அயாஸ் சாதிக்கின் எதிராளிக் கட்டத்தில் பிபிபி ஆள் இருக்கிறார். 2002-இல் பல பழைய தலைகள் காணாமல் போயிருப்பார்கள். முஷாரஃபின் ராணுவ ஆட்சியில் வேட்பாளர் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்று விதி போட்டிருந்தார்கள்; பட்டம் இல்லாதவர்கள் மகனையோ மருமகனையோ நிறுத்தினார்கள். 2008-இல் நீதிமன்றம் அந்த விதியை நீக்கியது. அந்தக் காலத்து ஆள் யாரையாவது எழுதும்போது 2002-இல் திடீரென்று அதே குடும்பப் பெயரில் இளவட்டம் ஒன்று முளைத்தால், பட்டம்தான் காரணமா என்று ஒரு கண் பாருங்கள். இன்னும் பின்னால் போனால் 1985 தேர்தல். கட்சியே இல்லாமல் நடந்தது. 1988, 1990, 1993, 1997 என்று அடுக்கடுக்காக வந்த தேர்தல்களில் எந்தச் சபையும் ஐந்து வருடம் ஓடவில்லை. 1997 சபை 1999 அக்டோபர் ராணுவப் புரட்சியோடு முடிந்தது. ‘முடிந்த விதம்’ கட்டம் எதற்கு என்று இப்போது தெரிகிறதா?

வாக்கு எண்ணிக்கைக் கட்டத்துக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் போக வேண்டும், எனக்குப் பிடித்த இடமும் இதுதான்.

நம் ஊரில் சாவடி என்பது ஒரு பள்ளிக்கூடம். அதில் ஒவ்வொரு வகுப்பறையும் ஒரு சாலுரான். கதவைச் சாத்தியதும் பெட்டியை மேசையில் கொட்டி, ஒவ்வொரு சீட்டாக உயர்த்திக் காட்டி, ஏஜெண்டுகள் தலையாட்டியதும் தட்டில் போடுவோம். ஒரு தடவை எனக்கு ஒரு சீட்டு குறைந்தது. கொடுத்த சீட்டுக்கும் எண்ணிய சீட்டுக்கும் ஒன்று வித்தியாசம். மணி ஏழு. கட்சி ஏஜெண்டுகள் நான்கு பேர், ஒருவர் காலையிலிருந்து சாப்பிடாதவர். மறுபடி எண்ணினோம், மறுபடியும் ஒன்று குறைவு. மூன்றாவது முறை ஒவ்வொரு சீட்டையும் விரலால் தடவிப் பிரித்தபோது, ஒரு சீட்டின் மடிப்புக்குள் இன்னொன்று செருகிக்கொண்டு கிடந்தது. யாருடைய தப்பும் இல்லை; மடிக்கும்போது நடந்தது. அப்புறம்தான் பாரம் 14-இல் எழுதிக் கையெழுத்து வாங்கி, ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் ஒரு படி கொடுத்தேன். அந்தத் தாள்தான் ஆதாரம். அதற்கு மேலே எங்கேயோ ஒரு மண்டபத்தில் கூட்டுகிற மொத்தம் இந்தத் தாள்களின் கூட்டல் மட்டுமே.

பாகிஸ்தானிலும் அதே அமைப்பு. சாவடியில் எண்ணியதும் நிரப்பும் பாரம் இப்போது 45. தொகுதி தேர்தல் அதிகாரி எல்லாச் சாவடியையும் கூட்டித் தற்காலிகமாக அறிவிப்பது பாரம் 47. இறுதிக் கூட்டல் பாரம் 49. இவை 2017 தேர்தல் சட்டத்துக்குப் பிறகு வந்த எண்கள். அதற்கு முன் சாவடிக் கணக்குப் பாரத்தின் எண் என்ன தெரியுமா? அங்கேயும் 14. பாயிடம் இதைச் சொன்னபோது, நான் ஏதோ உறவு கண்டுபிடித்த மாதிரி அவருக்கு அவ்வளவு சந்தோஷம். 2024 தேர்தலுக்குப் பிறகு பாகிஸ்தான் அரசியல் பேச்சில் ‘பாரம் 47 ஆள்’ என்று ஒரு வசவே வந்துவிட்டது. சாவடித் தாளில் தோற்று, கூட்டல் தாளில் வென்றவர் என்று பொருள். குற்றச்சாட்டைக் குற்றச்சாட்டாகவே குறித்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு வந்த இடத்தில் மட்டும் தீர்ப்பு என்று எழுதுங்கள்.

ஆகவே முதல் நாள் இரவு வந்த எண்ணை எழுதாதீர்கள். தொலைக்காட்சி ஓட்டுகிற எண்ணும் தேர்தல் ஆணையம் வெளியிடுகிற எண்ணும் சில ஆயிரம் வேறுபடும். ஆணையத்தின் எண்ணை எழுதி, நீங்களே கழித்துப் பெரும்பான்மையைப் போடுங்கள். எங்கள் பக்கத்தில் வந்தது இது: 2013-இல் அயாஸ் சாதிக் 93,389, இம்ரான் கான் 84,517. கழித்தால் 8,872. 2015-இல் 74,525, எதிராளி பிடிஐயின் அலீம் கான் 72,082. கழித்தால் 2,443. 2018-இல் அதே அலீம் கானுக்கு எதிராக 1,03,021-க்கு 94,879. 2024-இல் 68,143, எதிராளி பிடிஐ ஆதரவு பெற்ற உஸ்மான் ஹம்சா 49,222.

2013-க்கும் 2018-க்கும் நடுவில் ஒரு 2015 எப்படி வந்தது? ‘முடிந்த விதம்’ கட்டத்துக்கு வந்துவிட்டோம்.

2013 முடிவை இம்ரான் கான் ஏற்கவில்லை. நான்கு தொகுதிகளைத் திறந்து எண்ணச் சொன்னார், அதில் ஒன்று என்ஏ-122. 2014 ஆகஸ்டில் லாகூரிலிருந்து ஊர்வலமாகக் கிளம்பி இஸ்லாமாபாத்தில் 126 நாள் உட்கார்ந்தார்கள். அவருடைய கட்சி உறுப்பினர்கள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். யாரிடம்? சபாநாயகரிடம். சபாநாயகர் யார்? அயாஸ் சாதிக். தன்னைத் திருட்டு வாக்கில் வந்தவர் என்று மேடைக்கு மேடை சொல்கிறவர்களின் கடிதங்களை அவர் ஏற்காமல் கிடப்பில் வைத்தார். 2015 ஏப்ரலில் அவர்கள் சபைக்குத் திரும்பி வந்தார்கள். பொறுமையா, தந்திரமா என்பது அவரவர் முடிவு. எனக்கு இரண்டும் கலந்தது என்று தோன்றுகிறது.

அதே ஆண்டு ஜூலையில் நீதி விசாரணை ஆணையம், நாடு முழுதும் திட்டமிட்ட மோசடி நடந்ததற்கு ஆதாரமில்லை என்றது. ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 22-ஆம் தேதி, தேர்தல் தீர்ப்பாயம் என்ஏ-122 தேர்தலைச் செல்லாது என்று அறிவித்தது. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்று அவசரப்படாதீர்கள். ஒன்று நாட்டைப் பற்றியது, இன்னொன்று ஒரு தொகுதியின் சாவடித் தாள்களைப் பற்றியது. மடிப்புக்குள் சீட்டு தேடியவளுக்கு இந்த வித்தியாசம் உடனே விளங்கும். அக்டோபர் 11-இல் மறுவாக்கெடுப்பு. அயாஸ் சாதிக் மறுபடி வென்றார், பெரும்பான்மை நான்கில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேலே என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதே நாளில் அதே தொகுதிக்குள் இருந்த பஞ்சாப் சட்டமன்றத் தொகுதி பிபி-147-இல் பிடிஐ வென்றது. நவம்பரில் அவர் மறுபடி சபாநாயகர். ஒரே சபைக்குள் இரண்டு முறை தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆகவே 2013-க்கு ஒரு வரி, 2015-க்கு ஒரு வரி. சேர்த்து ‘2013–2018’ என்று எழுதினால் நடந்தது அத்தனையும் அந்தச் சின்னக் கோட்டுக்குள் மறைந்துவிடும்.

‘முடிந்த விதம்’ கட்டத்தில் வரக்கூடிய இன்னொன்று ‘இடத்தை விட்டார்’. அங்கே ஒருவர் பல தொகுதிகளில் நிற்கலாம், ஜெயித்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று என்று நிற்பதைத்தான் பார்த்திருக்கிறோம். இம்ரான் கான் 2018-இல் ஐந்தில் நின்று ஐந்திலும் வென்று மியான்வாலியை மட்டும் வைத்துக்கொண்டார். 2022 அக்டோபர் 16-இல் ஒரே நாளில் ஏழு இடைத்தேர்தலில் நின்று ஆறில் வென்றார். இப்படிப்பட்டவரை எழுதப்போனால் 555 போதாது, நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்.

தொகுதி எண்ணே இல்லாத உறுப்பினரும் உண்டு. பெண்களுக்கு 60, முஸ்லிம் அல்லாதோருக்கு 10 இடங்கள் ஒதுக்கீடு. கட்சிகள் வென்ற இடத்துக்கு ஏற்பப் பட்டியலிலிருந்து நிரப்புவார்கள். அவர்களுக்கு வாக்கு எண்ணிக்கைக் கட்டத்தில் கோடு போட்டு ‘ஒதுக்கீடு’ என்று எழுதினால் போதும். ஆனால் எல்லா இந்து உறுப்பினரும் ஒதுக்கீட்டில் வந்தவர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2018-இல் சிந்துவின் தார்பார்க்கரில் பொதுத் தொகுதியிலேயே மகேஷ் குமார் மலானி வென்றார், அப்படி வென்ற முதல் இந்து அவர்.

பெயர் விஷயம் சுருக்கமாக. சர்தார், மியான், காஜா, சௌத்ரி எல்லாம் முன்னால் ஒட்டிக்கொள்கிற பட்டங்கள்; அவற்றை வைத்து அகர வரிசையில் தேடினால் ஆள் கிடைக்க மாட்டார். நம் ஐ.சி. அடையாள அட்டையில் ‘ஆனாக் லெலாக்கி’, அதாவது இன்னாரின் மகன், என்று இருப்பதால் பிழைத்தோம். அங்கேயும் ஒரே பெயரில் இருவர் வந்தால் அப்பா பெயரைப் பாருங்கள்.

கடைசியாக எதிராளிக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாக ஒரு தடவை படியுங்கள். என் அனுபவத்தில் ஆளைப் பற்றி அதிகம் சொல்வது அதுதான். 2002 இம்ரான் கான், 2013 இம்ரான் கான், 2015 அலீம் கான், 2018 அலீம் கான். 2024-இல் அந்த அலீம் கான் எங்கே? தனிக் கட்சியின் தலைவராக, பிஎம்எல்-என்னோடு தொகுதிப் பங்கீடு செய்துகொண்டு, லாகூரிலேயே என்ஏ-117-இல் வென்று, பிறகு மத்திய அமைச்சர். இரண்டு தடவை மோதியவர் இப்போது அதே பக்க வரிசையில்.

தேர்தல் இல்லாத ஒரு வரியையும் நாங்கள் சேர்த்தோம். விதிப்படி அது இந்தக் கணக்கில் வராது, தங்கை மகளின் விரிவுரையாளர் அடித்துவிடவும் கூடும். 2022 ஏப்ரல் 9-ஆம் தேதி இரவு. இம்ரான் கான் பிரதமர், அவர்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம். நள்ளிரவுக்குச் சற்று முன் சபாநாயகர் அசத் கைசர் பதவி விலகி, நாற்காலியை அயாஸ் சாதிக்கிடம் கொடுத்துவிட்டுப் போனார். 342 பேர் சபையில் 174 வாக்கு ஆதரவு என்று வாசித்தவர் இவர். நமக்கும் அவர்களுக்கும் மூன்று மணி நேர வித்தியாசம். இங்கே விடியப் போகிற நேரம், நோன்பு மாதம் வேறு. பாய் தன் அறைக்காரர்களோடு சஹர் சாப்பிட உட்கார்ந்தவர், தட்டில் கை வைக்காமல் போனில் பார்த்துக்கொண்டிருந்தாராம். ரொட்டி ஆறிப்போனது என்றார். யார் பக்கம் வருத்தம் என்று அப்போதும் சொல்லவில்லை. இங்கிருந்து வாக்களிக்க வழியும் இல்லை. 2018 அக்டோபரில் சில இடைத்தேர்தல்களுக்கு வெளிநாட்டுப் பாகிஸ்தானியர் இணையம் வழி வாக்களிக்கும் சோதனை நடந்தது, அதோடு சரி. “நான் வாக்குப் போட்டு இருபது வருசமாச்சு சிகு, என் எம்.என்.ஏ. மட்டும் இன்னும் அதே ஆள்” என்றார்.

பக்கம் முடிந்ததும் அவரிடம் காட்டினோம். தமிழ் படிக்கத் தெரியாது. எண்களையும் ஆண்டுகளையும் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். 2013-க்கு எதிரே ‘முடிந்த விதம்’ கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். தீர்ப்பாயம் என்றேன், தலையாட்டினார். 2024 வரியில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. தங்கை மகள் பென்சிலை எடுத்து என்ன எழுதுவது என்று என்னைப் பார்த்தாள். பாய் முந்திக்கொண்டு, “தூலிஸ் ‘பெலும்’” என்றார். இன்னும் இல்லை என்று எழுது. எழுதினாள். அவர் தன் 555-ஐ எடுத்து என் பக்கத்தைத் திருப்பி, அந்த மாதத் தவணை முப்பது வெள்ளியைக் குறித்துக்கொண்டு கிளம்பினார்.